மொறுமொறு உருளைக்கு மெஷின் வேணாம்

மீஞ்சூர் பக்கம் நெல்லும் வேர்க்கடலையும் போடுற என்கிட்ட யாராவது உருளைக்கிழங்கு பத்திக் கேட்பாங்களா? என் தங்கச்சி கேட்டா. எண்ணூர் கத்திவாக்கத்துல வாக்கப்பட்டவ. "அண்ணா, பாப்பா ஃபிரெஞ்ச் ஃப்ரைஸ் கேட்டு அடம் பிடிக்கிறா. வீட்டுல போட்டா கறுத்துப்போய் தொளதொளன்னு வருது. தவணையில ஏர் ஃப்ரையர் வாங்கிடட்டுமா?"ன்னு போன்ல கேட்டா. மச்சானுக்கு ஒப்பந்த வேலை. மாசத்துல எத்தனை நாள் கூப்பிடுவாங்கன்னு அவருக்கே தெரியாது. அந்த வீட்டுக்கு இன்னொரு தவணையா? "வாங்காத, ஞாயித்துக்கிழமை வரேன்"னு சொல்லிட்டேன்.

கோளாறு சட்டியில இல்ல, கிழங்குல இருக்கு. வடக்கே மாசி, பங்குனியில தோண்டி எடுக்குற கிழங்கைக் குளிர்பதனக் கிடங்குல அடுக்கி, 2 முதல் 4 டிகிரியில மாசக்கணக்கா வைப்பாங்க. முளை விடாது, வியாபாரத்துக்கு அது தோது. ஆனா அந்தக் குளிர்ல கிழங்குக்குள்ள இருக்குற மாவு கொஞ்சம் கொஞ்சமா சர்க்கரையா மாறிடும். அதை எண்ணெயில போட்டா உள்ள ஈரம் போறதுக்கு முன்னாடியே வெளிய கறுத்துடும். கறுக்குதேன்னு நாம அவசரமா எடுத்துடுவோம். அப்புறம் எங்க மொறுமொறுக்கும்?

கடையில விக்கிற உறைஞ்ச பாக்கெட்டுக்கு இந்தத் தொல்லை இல்ல. அதுக்குன்னே குஜராத்துல மெஹ்சானா, பனாஸ்கண்டா பக்கம் தனி ரகம் போடுறாங்க. ஆலையிலயே பாதி பொரிச்சுத்தான் பாக்கெட்ல அடைக்கிறாங்க. மெஷின் செய்யறது மிச்சப் பாதி வேலைதான். பேரை மட்டும் அது வாங்கிக்குது.

ஆடி, ஆவணியில கிழங்கு வாங்கினீங்கன்னா, பத்துப் பதினஞ்சு நாள் காத்தோட்டமான இருட்டு மூலையில போட்டு வைங்க. ஃப்ரிட்ஜ் வேண்டாம். சர்க்கரை குறையும். மேட்டுப்பாளையம் மண்டி வழியா வர்ற ஊட்டிக் கிழங்கு புதுசா கிடைச்சா யோசிக்காம வாங்குங்க.

இன்னொரு சோதனையும் இருக்கு. விதைநெல்லை உப்புத்தண்ணியில போட்டு, மிதக்குற பதரை நாங்க ஒதுக்குவோம். கிழங்குக்கும் அதே கதைதான். ஒரு பங்கு உப்புக்குப் பதினோரு பங்கு தண்ணி. முழுகுறது மாவுக்கிழங்கு, பொரிக்க அதுதான் வேணும். மிதக்குறதைக் குழம்புல போட்டுடுங்க.

ஞாயித்துக்கிழமை செஞ்சது இதுதான். அரைக் கிலோ கிழங்கை விரல் கனத்துக்கு நறுக்கி, தண்ணி தெளியிற வரைக்கும் மூணு தடவை அலசி, பழைய வேட்டித் துணியில ஒத்தி எடுத்தோம். ஈரம் சுத்தமா இருக்கக்கூடாது. அகலமான இரும்புச் சட்டியில, காயாத பச்சை எண்ணெயிலயே கிழங்கைப் போட்டு, முழுகுற அளவுக்கு எண்ணெய் வெச்சு, அப்புறம்தான் அடுப்பைப் பத்த வெச்சோம். சட்டியில பாதிக்கு மேல ஏறக்கூடாது, பொங்கிடும். எண்ணெய் காயக் காய உள்பக்கம் வேகும், முழுசா காஞ்சதும் வெளிப்பக்கம் முறுகும். ரெண்டு தடவை பொரிக்கிற வேலை ஒரே தடவையில முடிஞ்சுடும்.

தங்கச்சி நிமிஷத்துக்கொரு தரம் கரண்டியை விட்டா. பக்கத்து வீட்டு அக்கா, மீன் விக்கிறவங்க, வாசல்லேர்ந்தே சத்தம் போட்டாங்க: "இன்னாத்துக்கு கிளர்ற? கல்லுல மீனப் போட்டா அதுவா வுடுற வரைக்கும் தொடுவியா? அத்த மாதிரிதான் இதும்." அக்கா சொன்னதுதான் சரி. முதல் கால் மணி நேரம் கரண்டியே படக்கூடாது. அதுக்கப்புறம் லேசா பிரட்டி விட்டோம். இன்னும் ஏழெட்டு நிமிஷத்துல பொன்னிறமா வந்துடுச்சு.

"இவ்ளோ எண்ணெயும் குடிச்சிருக்குமே?"ன்னா தங்கச்சி. கிழங்கு எண்ணெய் இழுக்கறது பெரும்பாலும் வெளிய எடுத்து ஆறுறப்பதான். அதனால எடுத்த உடனே அரிகரண்டியில நல்லா உதறி வடிச்சுடணும். உப்பு கடைசியில, சூடா இருக்கும்போதே. பாப்பா தட்டைப் பிடுங்கிட்டுப் போனா, எங்களுக்கு ஆளுக்கு நாலு துண்டுதான் மிஞ்சுச்சு.

மிச்ச எண்ணெய் சட்டியில கிடந்துச்சு. தங்கச்சி அதை வாசல் கால்வாயில ஊத்தப் போனா. அக்கா விடலை. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தோட ஆலை எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியா வந்து, கொசஸ்தலை ஆத்து முகத்துவாரத்துல படகு, வலை எல்லாத்துலயும் அப்பிக்கிச்சு. மீனவங்க வாளியிலயும் மக்குலயும் அள்ளிக் கொட்டினாங்க. அதைக் கண்ணால பாத்தவங்க அவங்க.

"குடு இங்க"ன்னு சட்டியை வாங்கி, வடிகட்டி, ஒரு சொம்புல ஊத்திக்கிட்டாங்க. "நாளைக்கு மத்தி வறுக்க ஆச்சு."