இரண்டு விரற்கடை ஆட்டம்

ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளி ஏற்றிப்போகும் எங்கள் பழைய பிக்கப்பில், ஸ்டியரிங்கை இரண்டு விரற்கடை திருப்பினாலும் சக்கரம் அசையாது. நேர் ரோட்டில்கூட இடமும் வலமுமாகத் திருத்திக்கொண்டே போகணும். 'ஸ்டியரிங் பாக்ஸ் போச்சு' என்றார் மாமா. நானும் நம்பி, பாக்ஸ் மேலே இருக்கும் ஸ்க்ரூவைக் கொஞ்சம் முறுக்கினேன். ஆட்டம் குறைந்தது. ஆனால் வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வரவில்லை. பயந்துபோய்ப் பழையபடி தளர்த்திவிட்டேன்.

நேற்று பட்டறை அண்ணன், "தம்பி, ஸ்டியரிங்கைச் சும்மா இப்படியும் அப்படியும் ஆட்டு" என்றபடி வண்டிக்கு அடியில் போனார். ஜாக்கி போடவில்லை, சக்கரம் தரையில் பாரத்தோடு இருந்தால்தான் ஆட்டம் தெரியுமாம். ஒவ்வொரு இணைப்பாகக் கையால் பிடித்துப் பார்த்தார். இடது பக்க டை ராட் எண்டில் டக் டக். ரப்பர் பூட் கிழிந்து, கிரீஸ் போய், மண் ஏறி, உள்ளே பந்து தேய்ந்திருந்தது. கிழிசலை ஒருநாளும் குனிந்து பார்க்காதவன் நான்தான், யாரைச் சொல்ல!

எத்தனை சுற்றில் கழன்றதோ எண்ணிவைத்து, புதியதை அதே கணக்கில் ஏற்றினார். பழைய காட்டர் பின்னையே போடலாமா என்றதற்கு ஒரு முறைப்பு. அலைன்மெண்ட் பார்க்காவிட்டால் டயரைத் தின்றுவிடும் என்று வேறு மிரட்டி அனுப்பினார்.

மாமா இன்னமும் பாக்ஸ்தான் என்கிறார்.