மரமேசையைச் சுற்றி ஐந்து பேர்

நியூ ஜெர்சி மாநிலத்தின் எடிசன் நகரம். 2025 ஏப்ரல் நடுவாரம், வசந்த விடுமுறை. பொது நூலகத்துக்கு வெளியே புல்தரையில் ஒரு மரமேசை. அதைச் சுற்றி ஐந்து பிள்ளைகள். உள்ளே சாப்பிடக் கூடாது என்பதால் வெளியே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இன்னொரு பெஞ்சில் நான். மடியில் புத்தகம் விரிந்திருக்கிறது. கண் அதில் இல்லை.

ஐவரும் பன்னிரண்டாம் வகுப்பு. ஜூனில் பள்ளி முடிந்துவிடும். அதற்குமுன் ப்ராம். பிரியப்போகிற வகுப்பு முழுவதும் நல்ல உடை உடுத்தி, ஒரு மண்டபத்தில் கூடி, சாப்பிட்டு, ஆடி, படம் எடுத்துக்கொள்ளும் ஓர் இரவு. அமெரிக்கப் பிள்ளைகள் பலர் ஒன்பதாம் வகுப்பில் காலடி வைத்த நாளிலிருந்தே அந்த இரவை எதிர்பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

தமிழ்ப் பெண் ஒருத்தி எவர்சில்வர் டப்பாவைத் திறக்கிறாள். நேற்று சித்திரை முதல் நாள். மிஞ்சிய உளுந்து வடைகள். எதிரே உட்கார்ந்திருக்கும் சுருட்டைமுடிப் பையன் கையை நீட்டி, பாதியில் நிறுத்துகிறான். அவன் முன்னால் ஒரு பிளாஸ்டிக் பையில் புளிப்பில்லா அப்பத் துண்டுகள். யூதர்களின் பஸ்கா வாரம் இது.

"இதுல பருப்பு இருக்கா?"

"பருப்பேதான்டா."

புளித்த மாவைத் தவிர்ப்பதோடு, பயறு வகைகளையும் இந்த நாட்களில் ஒதுக்குவது கிழக்கு ஐரோப்பிய வழிவந்த யூதக் குடும்பங்களில் பலருடைய வழக்கம். அவன் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. இரண்டு வடைகளை எடுத்துக் காகிதத்தில் சுற்றித் தனியாக வைக்கிறாள். "ஃப்ரீசர்ல போட்டு வைக்கிறேன். ஞாயித்துக்கிழமை ராத்திரிக்கு அப்புறம் உனக்கு."

பிலிப்பைன்ஸ் குடும்பத்துப் பையனுக்கு இது கிறிஸ்தவர்களின் புனித வாரம். வெள்ளிக்கிழமை அவனுக்கு மாமிசம் கிடையாது. வடைக்கு எந்தத் தடையும் இல்லை. இரண்டை ஒன்றாக எடுத்துக்கொள்கிறான். சீனக் குடும்பத்துப் பெண் ஒன்றைப் பிய்த்து, நடுவில் ஏன் ஓட்டை என்று யோசித்தபடி தின்கிறாள். பாகிஸ்தானியப் பெண்ணுக்கு ஈகைப் பெருநாள் முடிந்து இரண்டு வாரம் ஆகிறது. உள்ளங்கையில் மருதாணி மங்கிப் போய்விட்டது. நகங்களில் மட்டும் சிவப்பு நிற்கிறது. வளர்ந்து வெட்டப்படும்வரை அது போகாது.

பேச்சு ப்ராமுக்குத் தாவுகிறது. வகுப்புப் பெண்கள் தங்கள் உடையைப் படமெடுத்து ஒரே குழுவில் போட்டுவருகிறார்கள். ஒரே உடையில் இருவர் வந்து நின்றுவிடக் கூடாதே! பாகிஸ்தானியப் பெண் தன் படத்தைக் காட்டுகிறாள். மரகதப் பச்சையில் தரை தொடும் கவுன், கை இல்லாதது. "கை வைக்கணும். கடைக்காரம்மா பார்த்துச் சொல்றேன்னாங்க."

தமிழ்ப் பெண் ப்ராம் குழுவில் கணக்குப் பார்ப்பவள். நோட்டில் விரலை வைத்து வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தவள் ஓரிடத்தில் நிற்கிறாள். குரல் தாழ்கிறது.

"அவன் இன்னும் டிக்கெட் வாங்கலை."

யாரென்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. மாலை நேரத்தில் மளிகைக்கடையில் சரக்கு அடுக்கும் ஒரு பையன்.

"கேட்டா, ப்ராமே பிடிக்காதுங்கறான்."

"பிடிக்காதவன் பாட்டு லிஸ்ட்ல நாலு பாட்டு எதுக்கு எழுதினான்?" என்கிறாள் சீனப் பெண். அதுவரை வாய் திறக்காதவள்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு தமிழ்ப் பெண் சொல்கிறாள்: "கேக் வித்த காசு மிச்சம் இருக்கு. ஸ்கூல் கவுன்சிலர்கிட்ட கொடுத்துடலாம். டிக்கெட் அவங்க கையாலயே போகட்டும். நாம கொடுத்தோம்னு அவனுக்குத் தெரியக் கூடாது."

"என் அண்ணன் கோட்டு சும்மாதான் தொங்குது" என்கிறான் சுருட்டைமுடி. "எனக்குப் பெருசா இருக்கு, நீ போட்டுப் பாருன்னு நானே கேக்கறேன்."

போன் அடிக்கிறது. "ம்மா, வடை காலி" என்று தமிழில் சொல்லிவிட்டு டப்பாவை மூடுகிறாள்.

மே மாதம். எடிசனையும் ஐஸலினையும் கோத்துச் செல்லும் ஓக் ட்ரீ ரோடு. பட்டுப் புடவையும் தங்க நகையும் மிட்டாயும் விற்கும் இந்தியக் கடைகளின் தெரு. அங்கிருந்து சற்றுத் தள்ளி, உடைகளை அளவு திருத்தித் தரும் சிறிய கடை. வானொலியில் ஸ்பானியப் பாட்டு. சுவர் நெடுக, பிளாஸ்டிக் உறைக்குள் கவுன்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு. சீட்டில் பெயரும் ப்ராம் தேதியும்.

அந்தப் பச்சைக் கவுன் இப்போது உடம்பில் ஏறியிருக்கிறது. தாழ்வான பலகைமேல் பாகிஸ்தானியப் பெண் நிற்கிறாள். தையல்காரம்மா தரையில் மண்டியிட்டிருக்கிறார். வாயில் நான்கைந்து குண்டூசிகள். தரையிலிருந்து ஸ்கேலை நிமிர்த்தி வைத்து, விளிம்பை மடித்து, ஓர் ஊசி. ஒரு சாண் நகர்ந்து இன்னோர் ஊசி. அந்தப் பெண் குனிந்து பார்க்கிறாள். உடனே அவர் அவள் முழங்காலை மெல்லத் தட்டி, முகத்தை நிமிர்த்தச் சொல்லிச் சைகை காட்டுகிறார். குனிந்தால் முன்பக்கம் இறங்கிவிடும், அளவு தப்பிவிடும். அன்றைக்குப் போடப்போகிற அதே செருப்பைப் போட்டு நிற்க வேண்டும் என்பதும் அதனால்தான்.

கைக்குத் துணி எங்கிருந்து வந்தது? கவுனின் பின்னால் தரையில் இழுபடும் நீளத்தை வெட்டி, அதே துணியில் இரு கைகள் தைத்திருக்கிறார். நிறத்தில் ஒரு நூலளவு பேதம் இல்லை. ஓரமாக உட்கார்ந்திருந்த தாய் எழுந்துவந்து, அக்குள் தையலை விரலால் தடவிப் பார்க்கிறார். மகளைத் திருப்பி நிறுத்தி முதுகையும் பார்க்கிறார். தலையசைக்கிறார். பெண் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக் கையைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றுகிறாள். ஆட முடியுமா என்று பார்க்கிறாள். முடிகிறது.

அந்தச் சுற்றைப் பார்க்கையில், இந்த நாட்டில் ப்ராம் கடந்துவந்த பாதை நினைவில் ஓடுகிறது. 1975இல் ஜனாதிபதி ஃபோர்டின் மகள் சூசனுடைய வகுப்புக்கு வெள்ளை மாளிகையிலேயே ப்ராம் நடந்தது. அதே காலத்தில் தென்மாநிலச் சிற்றூர்களில், ஒரே வகுப்பறையில் படித்த வெள்ளைப் பிள்ளைகளுக்கும் கறுப்புப் பிள்ளைகளுக்கும் பெற்றோர்கள் தனித்தனி ப்ராம் நடத்தினார்கள். மிசிசிப்பியின் சார்ல்ஸ்டன் ஊரில் எல்லாரும் சேர்ந்து ஆடுவதானால் செலவை நானே ஏற்கிறேன் என்று நடிகர் மோர்கன் ஃப்ரீமன் 1997இல் சொன்னார். அது நடக்க 2008 வரை ஆனது. ஜார்ஜியாவின் வில்காக்ஸ் கவுன்டியில் 2013இல்தான் முதல் கூட்டு ப்ராம் நடந்தது. நடத்தியது பள்ளியல்ல; வெள்ளையும் கறுப்புமாக நான்கு தோழிகள். நிதியையும் அவர்களே திரட்டினார்கள். ரோட் ஐலண்டில் ஏரன் ஃப்ரிக் என்ற மாணவன், தன் துணையாக ஓர் ஆண் நண்பனை அழைத்து வரப் பள்ளி மறுத்ததும் நீதிமன்றம் போனான். 1980இல் தீர்ப்பு அவன் பக்கம் வந்தது.

பிரிக்கும் கோட்டைக் கிழித்தவர்கள் பெரியவர்கள். அழித்தவர்களில் முன்னால் நின்றவர்கள் பிள்ளைகள். ப்ராமின் வரலாற்றில் எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான். அந்த மரமேசையில் நான் பார்த்ததும் இதையேதான். நீதிமன்றமும் செய்தித்தாளும் வராத அளவில், ஒரு டிக்கெட், ஒரு கோட்டு, இரண்டு கைத்துணி என்ற அளவில்.

ப்ராம் நாள். எடிசனின் ரூஸ்வெல்ட் பூங்கா, ஏரிக்கரை. மண்டபம் போகுமுன் படம் எடுக்கப் பல குழுக்கள் வந்திருக்கின்றன. மாலை வெயில், அம்மாக்களின் போன்கள், "இங்க பாரு, இங்க பாரு" என்று பல மொழிகளில் குரல்கள். பையன்களின் டைகள் யாராவது ஒரு தோழியின் உடை நிறத்தில் இருக்கின்றன. பூக்கடையிலிருந்து வந்த சிறு டப்பாக்களுக்குள் மணிக்கட்டில் கட்டும் ரோஜாக்களும் கோட்டில் குத்தும் ஒற்றைப் பூக்களும்.

தமிழ்ப் பெண்ணின் பாட்டி வந்திருக்கிறார். கையில் ஓக் ட்ரீ ரோட்டில் வாங்கிய மல்லிகைச் சரம். பேத்தியின் பின்னலில் வைத்துவிட்டுக் கேட்கிறார்:

"உன் ஜோடி யாருடி?"

"ஜோடியெல்லாம் இல்ல பாட்டி. நாங்க எல்லாரும் சேந்து போறோம்."

பாட்டி ஒவ்வொருவராகப் பார்க்கிறார். பச்சைக் கவுனின் முழுக்கை. சுருட்டைமுடி. பிலிப்பைன்ஸ் பையன். தலையை நீட்டி, எனக்கும் பூ என்று கேட்கும் சீனப் பெண். பாட்டி சரத்தைக் கிள்ளி அவளுக்கும் வைக்கிறார். அப்போது ஆறாவதாக ஒரு பையன் புல்தரையைக் கடந்து வேகமாக வருகிறான். கோட்டின் கை அவனுக்கு அரை விரற்கடை நீளம். மற்றபடி கச்சிதம். "லேட்டாயிடுச்சு, கடையில விடலை" என்கிறான். பிலிப்பைன்ஸ் பையனின் அம்மா டப்பாவைத் திறந்து ஒரு வெள்ளைப் பூவை எடுத்து, அவன் கோட்டின் இடப்பக்கம் குத்திவிடுகிறார். அவனுக்கென்று ஒரு பூ முன்பே வாங்கி வைத்திருக்கிறார்கள். அவன் குனிந்து பூவைப் பார்க்கிறான். பிறகு நிமிர்ந்து வரிசையில் நிற்கிறான். யாரும் எதையும் சொல்லவில்லை.

ப்ராமுக்காகும் செலவைப் பார்த்துப் பெரியவர்கள் கவலைப்படுவது நியாயம். உடை, வண்டி, பூ, டிக்கெட் என்று ஒரே இரவுக்குப் பல நூறு டாலர் போகிற வீடுகள் உண்டு. அந்தத் தொகையைக் கேட்டதும் "எனக்கு இதெல்லாம் பிடிக்காது" என்று சொல்லி ஒதுங்கும் பிள்ளை ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. நிறத்தைச் சொல்லி வாசலில் நிறுத்திய காலம் போய்விட்டது. காசைச் சொல்லி நிறுத்துவது மட்டும் எப்படிச் சரியாகும்? டிக்கெட் விலையைப் பள்ளிகள் குறைக்கட்டும். கட்ட முடியாதவருக்கு அரவமில்லாமல் வழி செய்யட்டும். பெரியவர்கள் இவ்வளவு செய்தால் போதும். யாருக்கு எந்த நாளில் எந்த உணவு ஆகாது, யாருடைய உடைக்குக் கை வேண்டும், யார் பாட்டு எழுதிவிட்டு ஒதுங்கி நிற்கிறான் என்பதையெல்லாம் இந்தப் பிள்ளைகள் நம்மைவிட நன்றாகவே அறிந்து வைத்திருக்கிறார்கள்.