செயற்கைக்கோளுக்குப் படிக்கட்டு தெரியாது

2024 ஜனவரியில் கூடலூரில் ஒரு கார் படிக்கட்டில் இறங்கி மாட்டிக்கொண்டது. நீலகிரியைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கர்நாடகத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த நண்பர்கள், சீக்கிரம் போகலாம் என்று செல்போன் செயலி காட்டிய தெருவுக்குள் வண்டியைத் திருப்பியிருந்தார்கள். அந்தத் தெரு படிகளில் போய் முடிந்தது. போலீசாரும் அக்கம்பக்கத்தாரும் சேர்ந்து காரை மீட்டு, நல்ல சாலையில் ஏற்றி அனுப்பிவைத்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் உத்தரப் பிரதேசத்தில் ஒரு காரில் போனவர்களுக்கு அந்த நல்லூழ் இல்லை. ராம்கங்கா ஆற்றுப் பாலத்தின் ஒரு பகுதியை வெள்ளம் ஏற்கெனவே கொண்டுபோயிருந்தது. செயலியின் வழிகாட்டலில் அந்தப் பாலத்தில் ஏறிய கார் ஆற்றுப் படுகையில் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள்.

இரண்டு இடங்களிலும் செயற்கைக்கோள்கள் மீது தவறு இல்லை. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் அந்தக் கோள்கள் நேரத்தையும் தாங்கள் இருக்கும் இடத்தையும் மட்டும் ஓயாமல் அறிவித்துக்கொண்டிருக்கின்றன. நான்கு கோள்களின் சிக்னல் கிடைத்துவிட்டால், கருவி தான் நிற்கும் இடத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளும். அங்கே தார்ச்சாலை இருக்கிறதா, படிக்கட்டா, பாலம் பாதியில் அறுந்து நிற்கிறதா என்பதைச் சொல்வது யாரோ எப்போதோ தயாரித்த வரைபடம். ஜிபிஎஸ் கருவி வாங்கப் போகிறவர் இந்த இரண்டையும் தனித்தனியே விசாரிக்க வேண்டும். இடத்தை எவ்வளவு துல்லியமாகக் காட்டும் என்று கேட்பவர்கள் நிறைய. உள்ளே இருக்கும் வரைபடம் யாருடையது, கடைசியாக எப்போது திருத்தினார்கள் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு.

கோவையில் நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவரும் அவருடைய அக்கா மகளும் பொங்கல் கழிந்த ஒரு வாரக் கடைசியில் நீலகிரிக்குக் கிளம்பினார்கள். தமிழக அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 மலைப்பாதைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றான அவலாஞ்சி–கோலரிபெட்டா பாதையில் நடப்பது அவர்கள் திட்டம். பயணத்துக்கு முன்பே வீட்டில் வாக்குவாதம் ஆரம்பித்துவிட்டது.

"எல்லாம் போன்லயே இருக்குதுங்களே மாமா, தனியா ஒரு கருவி எதுக்குங்க?" என்றாள் அவள்.

"ரோட்டுக்குப் போன் போதும் கண்ணு. காட்டுக்கு அதை மட்டும் நம்பிப் போகக்கூடாது."

ரோட்டைப் பற்றி அவர் சொன்னது சரி. காருக்கென்று தனியாக ஒரு கருவி வாங்கும் அவசியம் இன்று பெரும்பாலோருக்கு இல்லை. நெரிசலும் சாலை மாற்றங்களும் போனுக்கு உடனுக்குடன் வந்து சேர்கின்றன. ஆனால் போனை எங்கே பொருத்துகிறோம் என்பதில் கவனம் வேண்டும். முன்கண்ணாடியில் வெயில் படும்படி மாட்டினால் மேட்டுப்பாளையம் தாண்டுவதற்குள் சூடேறித் திரை மங்கும், சில போன்கள் அணைந்தே போகும். ஏசி காற்று வரும் துவாரத்தருகே மாட்டுவது நல்லது. மலைக்குப் போகும் முன் அந்தப் பகுதியின் வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். டவர் இல்லாவிட்டால் ஜிபிஎஸ் வேலை செய்யாது என்று பலர் நினைக்கிறார்கள். கோளின் சிக்னலுக்கு டவர் தேவையே இல்லை. டவர் போனால் புதிதாக வரைபடம் வராது, அவ்வளவுதான்.

நீலகிரியில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஊட்டியிலிருந்து மசினகுடிக்குப் போகக் கல்லட்டி வழி, கூடலூர் வழியைவிடக் குறைந்த தூரம். 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்த இறக்கத்தில் 2018இல் நடந்த கொடிய விபத்துக்குப் பிறகு வெளியூர் வண்டிகள் கீழே இறங்க அனுமதி இல்லை. பந்திப்பூர் காட்டுச் சாலையை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடிவிடுகிறார்கள். 2024 மே மாதத்திலிருந்து மாவட்டத்துக்குள் நுழையவே இ–பாஸ் வேண்டும். தூரத்தையும் நேரத்தையும் வைத்து வழி சொல்லும் நிரலுக்கு வண்டியின் பதிவெண்ணோ சோதனைச்சாவடியின் விதியோ தெரியும் என்று எண்ணிவிடக் கூடாது. சாவடியில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது இன்றைக்கும் சாலைப் பயணத்தின் ஒரு பகுதிதான்.

அவலாஞ்சியில் கதை வேறு. ஜனவரியில் இந்தப் பக்கம் புல்வெளிகளில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். அந்தக் குளிரில் போன் பேட்டரி, கோவையில் தாங்கும் நேரத்துக்குத் தாங்காது. இதே அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழையில் யாரும் நடக்கப் போவதில்லை என்றாலும், சாதாரணத் தூறலில்கூட ஈர விரலுக்குத் தொடுதிரை ஒழுங்காக ஒத்துழைக்காது. கையுறை போட்டால் அதுவும் இல்லை. பித்தான்கள் வைத்த கையடக்கக் கருவிகளை மலையேறுபவர்கள் விடாமல் வைத்திருப்பது இதனால்தான். கார்மின் ஈட்ரெக்ஸ் 32எக்ஸ் இரண்டு பென்சில் செல்களில் 25 மணி நேரம் ஓடும் என்று நிறுவனம் சொல்கிறது. செல் தீர்ந்தால் பையிலிருந்து வேறு இரண்டை எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். காட்டுக்குள் இதைவிடப் பெரிய வசதி வேறில்லை.

துல்லியத்தில் மட்டும் அக்கா மகள் பக்கம் நியாயம் இருந்தது. சோலைக்குள் நுழைந்ததும் இலைக்கூரை சிக்னலை மங்கச் செய்யும். பாறைச் சுவரில் பட்டுத் திரும்பும் சிக்னல் சுற்றி வருவதால், கருவி தொலைவைக் கூட்டிக் கணக்கிடும். எல்1 என்ற பழைய அலைவரிசையோடு எல்5 அலைவரிசையையும் சேர்த்துப் பிடிக்கும் கருவிகள் இந்த எதிரொலியை நன்றாகப் பிரித்தறியும். அவளுடைய போன் இரண்டையும் பிடித்தது. மாமாவிடம் இருந்த ஈட்ரெக்ஸ் 32எக்ஸ் எல்1 மட்டும்தான். இரண்டும் வேண்டுமென்றால் ஜிபிஎஸ்மேப் 65எஸ் போன்றதற்குப் போக வேண்டும், அதில் செல் 16 மணி நேரம்தான் வரும். சோலைக்குள் இரண்டு கருவிகளும் பதிவுசெய்த தடங்களை ஒப்பிட்டபோது போனின் கோடுதான் நடந்த பாதையோடு ஒட்டி வந்தது. மாமா அதைப் பார்த்துவிட்டு, "இதுல நீ சொன்னதுதாங் கண்ணு சரி" என்று ஒப்புக்கொண்டார்.

உயரத்தில் அவள் குழம்பினாள். தொட்டபெட்டா உச்சியின் உயரம் 2,637 மீட்டர். முதல் நாள் அங்கே நின்றபோது போனில் ஒரு செயலி ஏறக்குறைய 90 மீட்டர் குறைத்துக் காட்டியது. கருவி பழுதில்லை. ஜிபிஎஸ் உயரத்தை அளப்பது பூமிக்கென்று கணிதத்தில் வகுத்த ஒரு வழுவழுப்பான நீள்கோளத்திலிருந்து. உண்மையான கடல்மட்டம் ஈர்ப்பு விசையின் ஏற்ற இறக்கத்தால் மேடுபள்ளமாக இருக்கிறது. உலகிலேயே அது மிக ஆழமாகக் குழிந்திருப்பது இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில், நூறு மீட்டருக்கும் மேல். தென்னிந்தியா அந்தக் குழிவின் சரிவில் இருக்கிறது. நல்ல கருவிகள் இதைத் தாமே திருத்திக்கொள்ளும். சில இலவசச் செயலிகள் திருத்துவதில்லை.

மாமா தன் வேலைக்காலத்துப் பாடம் ஒன்றைக் கூடவே கொண்டுவந்திருந்தார், ஒரு பழைய டோப்போ ஷீட் (நிலவமைப்பு வரைபடத் தாள்). இந்தியாவை அளக்கும் பெருவேலையை லாம்டன் 1802இல் சென்னைப் பரங்கிமலை அருகே தொடங்கினார். அந்த மரபில் வந்த பழைய தாள்கள் நில அளவையாளர் எவரெஸ்ட் பெயரால் வழங்கும் நீள்கோளத்தை அடிப்படையாகக் கொண்டவை. ஜிபிஎஸ் பயன்படுத்துவது டபிள்யூஜிஎஸ் 84. பழைய தாளின் அட்சரேகை, தீர்க்கரேகையை அப்படியே கருவியில் போட்டால் நூறு மீட்டருக்கும் மேல் தள்ளிக் காட்டும். மேற்குச் சரிவு செங்குத்தாக விழும் மலைவிளிம்பில் நூறு மீட்டர் என்பது உயிர் போகிற விஷயம். 2005 வரைபடக் கொள்கைக்குப் பிறகு பொதுமக்களுக்காக வந்த தாள்கள் டபிள்யூஜிஎஸ் 84 முறைக்கு மாறிவிட்டன. எந்த அடிப்படையில் இடத்தைக் குறிப்பது என்று தேர்ந்தெடுக்க, கருவியின் அமைப்புகளில் 'டேட்டம்' என்று ஒரு வரி இருக்கும். வாங்கும் முன்பு அதை மாற்ற முடிகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

சட்டத்தையும் பார்த்தாக வேண்டும். டவரே இல்லாத இடத்திலிருந்து செயற்கைக்கோள் வழியே உதவி கேட்டுச் செய்தி அனுப்பும் கருவிகள் வெளிநாடுகளில் பரவலாக விற்கின்றன. கார்மினின் இன்ரீச் இரிடியம் கோள்கள் வழியே பேசுவது. இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறை அனுமதியில்லாமல் அதை வைத்திருப்பதே குற்றம். 2024 டிசம்பரில் கோவா விமான நிலையத்தில் வெளிநாட்டுப் பயணி ஒருவர் இதற்காகப் பிடிபட்டார். ஜிபிஎஸ்மேப் 67 கோள்களின் சிக்னலை வாங்க மட்டும் செய்யும். 67i என்றால் இன்ரீச் உள்ளே இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து வரும் உறவினரிடம் வாங்கிவரச் சொல்பவர்கள் அந்தக் கடைசி எழுத்தைக் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டும்.

திரும்பி வந்து அவளும் ஒரு கருவி வாங்க முடிவு செய்தாள். விலை குறைவான ஈட்ரெக்ஸ் 22எக்ஸ் போதும் என்றார் மாமா. அவள் 32எக்ஸ்தான் வேண்டும் என்றாள். அதில் காற்றழுத்தமானியும் மின்னணுத் திசைகாட்டியும் கூடுதலாக உண்டு. திசைகாட்டி இல்லாத கருவி நடந்தால்தான் திசை காட்டும். மூடுபனியில் எந்தப் பக்கம் காலெடுத்து வைப்பது என்று தெரியாமல் நிற்பவருக்கு அது உதவாது. கோலரிபெட்டா போகும் வழியில் பனி மூடியபோது, உடன் வந்த வழிகாட்டி எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொன்னதை அவள் மறக்கவில்லை.

பெட்டியைப் பிரித்த அன்றே இருவரும் மொட்டை மாடிக்குப் போனார்கள். எல்லாக் கோள்களின் அட்டவணையும் கருவிக்குள் முழுதாக இறங்க 12.5 நிமிடம் ஆகும். புதுக் கருவியை அதுவரை திறந்த வானத்தின் கீழ் வைக்க வேண்டும் என்று மாமா கையேட்டைப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் இந்திய ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் கோப்பை அதில் ஏற்றி, அவலாஞ்சியைத் தேடி, நடந்த பாதை அதில் இருக்கிறதா என்று பார்த்தாள். பாதிதான் இருந்தது.