ஒலிக்காத மணி

சென்ற திங்களில் அரிமளம் கடைவீதியில் அன்பர் ஒருவரின் துணிக்கடைக்குச் சென்றிருந்தோம். மாடிப்படியருகே சுவரில் சிவப்புப் பெட்டியொன்று தென்பட்டது. "தீ எச்சரிக்கை மணிதானே? ஒலிக்குமா?" என வினவினோம். "அனுமதி வாங்குவதற்காக வைத்தது, சாமி; பிறகு தொட்டதேயில்லை" என்றார். அழுத்தினார், ஓசையில்லை. பாட்டரி என்றோ செத்துப்போயிருந்தது.

கடிந்துரைக்க நா எழுந்தது. ஆனால் நமது பங்கு மண்டபத்து மணியை நாம் என்று சோதித்தோம்? வாய் மூடினோம்.

1997 ஜூன் 13 அன்று டில்லி உபகார் திரையரங்கின் தரைத்தளத்து மின்மாற்றியில் தீப்பற்றிற்று. புகை பால்கனிக்கு ஏறியது. எச்சரிக்க வேண்டிய ஒலிபெருக்கி இயங்கவில்லை; வெளியேறும் வழிகளும் அடைபட்டிருந்தன. 59 பேர் மாண்டனர். பெரும்பாலோரின் உயிரைக் குடித்தது நெருப்பன்று, மூச்சை அடைத்த புகையே. ஆகவேதான் தீயைக் கண் காணுமுன் புகையை அறிவிக்கும் கருவி வேண்டப்படுகிறது.

இந்தியத் தர அமைவனத்தின் ஐ.எஸ். 2189 நெறிமுறை, கருவியை அமைப்பதோடு நில்லாது அதன் பராமரிப்பையும் வகுத்துரைக்கிறது. காரணம் எளிது. கருவியில் தூசி படியும், பாட்டரி வலுவிழக்கும், வெள்ளையடிப்போர் அதன் துளைகளையே பூசி அடைத்துவிடுவர். மணியைத் தவறாது ஒலித்துப் பார்த்து, நாளைக் குறித்து வைத்தல் உரிமையாளரின் கடமை.

அன்று மாலையே நமது மண்டப மணியை அழுத்தினோம். அதுவும் ஊமை! விளக்கிருந்தும் எண்ணெயில்லாக் கன்னியரின் நிலை நமதாயிற்று. மறுநாள் புதிய பாட்டரி பொருத்தி, ஒலிக்கச் செய்து, அதன் பின்னரே அன்பருக்குச் சொல்லியனுப்பினோம்.