தாழ்த்திய காரும் பேசாத அக்காவும்

முன்னேஸ்வரம் கோயிலின் வருடாந்தத் திருவிழாவுக்கு ஒரு கிழமை இருக்கும்போது, என் தம்பி எங்கள் வீட்டுக் காரை இரண்டு அங்குலம் தாழ்த்திக் கொண்டுவந்து முற்றத்தில் நிறுத்தினான். அது 2023ஆம் ஆண்டு. சில்லுக்கும் மட்காட்டுக்கும் இடையில் கை நுழையும் அளவுக்கு இருந்த இடைவெளி இப்போது இரண்டு விரல் நுழையும் அளவுக்குக் குறைந்திருந்தது. அம்மா, "ஏன் மகன், கார் குந்திக்கொண்டு நிற்கிறது?" என்று கேட்டார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு வேறொருவர் விலை கொடுக்கப்போகிறார் என்பது எனக்கு அப்போது தெரியாது.

தம்பியைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. 2020 மார்ச்சில் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் 2022இன் நெருக்கடியும் வந்தது. புதிய வாகனத்தைக் கனவிலும் நினைக்க முடியாத காலத்தில், இருபது வருடப் பழைய காரைப் புதிதுபோல் ஆக்கிப் பார்க்க ஓர் இளைஞன் ஆசைப்பட்டதில் என்ன பிழை? கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போய், ஜப்பானில் கழற்றி இங்கே விற்பனைக்கு வந்த தாழ்த்தும் ஸ்பிரிங் நான்கை வாங்கி வந்தான். அவற்றுக்குப் பொருத்தமான ஷொக் அப்சோபர்களையும் வாங்கக் காசு போதவில்லை. "பழைய ஷொக் இருக்குதானே அக்கா, அது போதும்" என்றான். ஸ்பிரிங் மட்டும் மாறியது.

எங்கள் பணிக்கென்று தனி வாகனம் இல்லை. கிளினிக் நாட்களில் நடக்க முடியாத பெண்களை இந்தக் காரில்தான் ஏற்றிச் செல்வேன். அவர்களில் ஓர் அக்கா, 2009இல் முள்ளிவாய்க்காலில் வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். மகளைத் திருமணம் செய்து கொடுத்த வழியில் எங்கள் பக்கம் வந்து குடியிருக்கின்றார். செயற்கைக் கால் அணிந்து நடப்பார். பிரதான வீதியிலிருந்து அவரது வீட்டுக்குப் போகும் கிரவல் வீதி குண்டும் குழியுமானது. மாதம் ஒரு தடவை அவரைச் சிலாபம் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்வோம். தம்பி ஓட்டுவான். நான் முன் இருக்கையில் அமர்வேன். அவர் பின்னால் அமர்ந்திருப்பார்.

கார் தாழ்ந்தபின் இரண்டு தடவை வந்தார். மூன்றாம் மாதம், "வேண்டாம் பிள்ளை, நான் பார்த்துக்கொள்ளுறன்" என்றார். நான்காம் மாதமும் அதே பதில். நான் சமூகவியல் படித்தவள். மனிதர் ஏன் உதவியை மறுக்கின்றனர் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள். அவரது கோவையில் இவ்வாறு எழுதினேன்: "வாகன உதவியை மறுக்கின்றார். ஒத்துழைப்புக் குறைவு."

சில நாட்களின் பின் உலர் உணவுப் பெட்டிகள் முன் இருக்கையை நிறைத்ததால் நான் பின்னால் அமர நேர்ந்தது. முதல் வேகத்தடையிலேயே "டம்" என்ற சத்தம். இருக்கைக்கு அடியிலிருந்து யாரோ உலக்கையால் இடித்தது போல் முதுகுத்தண்டு அதிர்ந்தது. அடி விழுந்தபின்னும் கார் அமரவில்லை. இரண்டு மூன்று தரம் துள்ளிய பின்னரே ஓய்ந்தது. எனக்கு இரண்டு கால்களும் உண்டு. அந்த அக்கா இந்த அடியை எதனால் தாங்கினார்?

அன்று மாலையே அவரது வீட்டுக்குப் போனேன். கேட்டதும் முதலில் சிரித்து மழுப்பினார். பிறகு கிளினிக் கொப்பியை எடுத்துக் காட்டினார். நான் "ஒத்துழைப்புக் குறைவு" என்று எழுதிய இரண்டு மாதங்களுக்கும் அதில் திகதி பதிந்திருந்தது. பிரதான வீதிவரை நடந்து, பஸ் ஏறிப் போய் வந்திருக்கின்றார்.

"காரிலை இருந்தா ஒவ்வொரு குழிக்கும் கால் குத்துது பிள்ளை. ரெண்டு கையையும் ஊண்டி உடம்பைத் தூக்கித் தூக்கி வருவன். வீட்டை வந்து கழட்டினா தோல் உரிஞ்சிருக்கும். பஸ்ஸிலை எண்டா கம்பியைப் பிடிச்சு நல்ல காலிலை பாரத்தை வைச்சு நிக்கலாம்."

"ஏன் அக்கா எனக்குச் சொல்லவில்லை?"

"காசு வாங்காமல் ஏத்துற வாகனத்துக்குக் குறை சொல்லலாமே?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

மறுநாள் தம்பியையும் கூட்டிக்கொண்டு சிலாபத்தில் ஒரு கராஜுக்குப் போனேன். அங்கிருந்த வயதான பாஸ் பாதி சிங்களத்திலும் பாதி தமிழிலும் விளக்கினார். காரின் பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். ஆனால் அமுக்கிய ஸ்பிரிங் சும்மா இருக்காது, திருப்பித் தள்ளும். அந்தத் துள்ளலை அடக்குவதுதான் ஷொக் அப்சோபர். அதன் குழாய்க்குள் எண்ணெய் இருக்கின்றது. தண்டு மேலும் கீழும் போகும்போது அந்த எண்ணெய் சிறு துவாரங்கள் வழியாக நெருக்கிப் பாய்வதால் துள்ளலின் வேகம் குறைகின்றது. "மிஸ், ஏணையிலே ஸ்பிரிங் போட்டுப் பிள்ளையை ஆட்டுறது தெரியும்தானே? அதைப் பிடிச்சு நிப்பாட்டுற கைதான் ஷொக்" என்றார்.

தாழ்த்தும் ஸ்பிரிங் கட்டையானது. கீழே போக இடம் குறைவென்பதால் அதை விறைப்பாகவும் செய்கின்றனர். விறைப்பான ஸ்பிரிங் கூடிய பலத்துடன் திருப்பித் தள்ளும். மென்மையான ஸ்பிரிங்குக்கென்று செய்த பழைய ஷொக்குக்கு அதை அடக்கும் வலு இல்லை. அதோடு கார் நிற்கும்போதே அதன் தண்டு பாதி உள்ளே போய்விடுகின்றது. மிச்சமிருக்கும் சிறு தூரமும் ஒரு குழியில் முடிந்துவிட, ரப்பர் தடுப்பில் போய் இடிக்கின்றது. நாங்கள் கேட்ட "டம்" அதுதான். எங்கள் பின்பக்க ஷொக் இரண்டும் எண்ணெய் கசிந்து நனைந்திருந்தன. முன் டயர்களின் உட்புறம் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. கார் தாழும்போது சில்லின் சாய்வு மாறும். தாழ்த்தியபின் எலைன்மென்ட் பார்க்காததன் விளைவு அது.

புதிய ஷொக் உள்ள காரைச் சிறிதளவு தாழ்த்தினால் சில காலம் பிரச்சினையின்றி ஓடலாம் என்றும் பாஸ் சொன்னார். அழகுக்குத் தாழ்த்துவது குற்றமல்ல. கட்டை ஸ்பிரிங்குக்கு ஏற்ற ஷொக்கையும் சேர்த்துப் போட வேண்டும், அவ்வளவுதான். ஒன்றை மாற்றி மற்றதை அப்படியே விட்டால், மாறாததன் தலையில் எல்லாப் பாரமும் விழும்.

நல்லவேளையாகத் தம்பி பழைய ஸ்பிரிங்குகளை விற்றிருக்கவில்லை. அவை கோழிக்கூட்டுக்குப் பின்னால் கிடந்தன. அம்மாவின் சீட்டுக் காசில் புதிய ஷொக் வாங்கி, பழைய ஸ்பிரிங்கையே மீண்டும் போட்டோம். தம்பி ஒன்றும் பேசவில்லை. கட்டை ஸ்பிரிங்குகளைத் துடைத்து, கிறீஸ் பூசி, சாக்கில் சுற்றி வைத்தான். அவன் ஆசையும் அதற்குள் இருக்கின்றது. காசு சேரும்போது முழுமையாகச் செய்யட்டும்.

வாழ்வாதாரத்துக்காக வாகனம் வைத்திருக்கும் சகோதரிகளுக்கும், வாங்க எண்ணியிருப்பவர்களுக்கும் நான் கற்றதைச் சொல்கின்றேன். காரின் ஒவ்வொரு மூலையையும் கையால் நன்றாக அமுக்கி விடுங்கள். எழுந்து ஒரே தடவையில் அமர வேண்டும், ஆடிக்கொண்டிருந்தால் ஷொக் பழுது. ஷொக்கின் குழாயில் எண்ணெய் நனைவு இருக்கின்றதா என்று குனிந்து பாருங்கள். டயரின் உட்புறத்தைத் தடவிப் பாருங்கள், வெளிப்புறம் பொய் சொல்லும். ஷொக்கை மாற்றுவதென்றால் இடமும் வலமும் சோடியாக மாற்றுங்கள். ஸ்பிரிங்கைக் கழற்றுவது வீட்டு வேலை அல்ல. அமுக்கி வைத்திருக்கும் ஸ்பிரிங் தெறித்தால் உயிராபத்து. அதற்குரிய கருவியுள்ள கராஜில் மட்டும் செய்வியுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருநாள் பின் இருக்கையில் அமர்ந்து போய்ப் பாருங்கள்.

கோவையில் நான் எழுதிய வரியை வெட்டினேன். மேலே, "வாகனம் வலி தந்தது. எங்கள் தவறு" என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அடுத்த கிளினிக் நாளில் அக்கா காரில் ஏறினார். நான் பின்னால் அவருக்குப் பக்கத்தில் அமர்ந்தேன். கிரவல் வீதியில் முதல் குழி வந்தது. அவரது கைகளைப் பார்த்தேன். பழக்கத்தில் ஊன்றத் தயாராகின. கார் இறங்கி, எழுந்து, அமர்ந்தது. இரண்டாவது குழி. மூன்றாவது. நாலாவது குழிக்கு அவர் கைகள் மடியிலேயே கிடந்தன.

"இப்ப சொல்லலாம்தானே பிள்ளை," என்றார், "அந்த யன்னல் கண்ணாடியும் சரியாப் பூட்டுப்படுறேல்லை. தூசி வருது."

வேலை தொடங்கிய நாளிலிருந்து ஒரு குறையைக் கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்டது எனக்கு நினைவில்லை.