சாவடிக்கு மேலே, சாவடிக்குக் கீழே

நதியைப் பற்றி எழுதப் புகுகிறவர்கள் அது பிறக்கும் இடத்திலிருந்து தொடங்குவதே சம்பிரதாயம். பொதிகையின் மேலே பூங்குளம் என்றொரு சுனை உண்டென்றும், தாமிரபரணி அதிலிருந்துதான் புறப்படுகிறதென்றும் பிள்ளைப் பிராயம் முதல் கேட்டு வந்திருக்கிறேனே தவிர, எழுபது வயது கடந்தும் அதைக் கண்ணால் கண்டவனல்லன். ஆகையால் நான் அறிந்த பாபநாசத்திலிருந்து, அதுவும் வனத்துறையின் சோதனைச் சாவடியிலிருந்து தொடங்குவதைப் பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும்.

விடுமுறைக்கு வந்திருந்த பேரக் குழந்தைகள் இருவரையும் முண்டந்துறைக் காட்டுக்கு அழைத்துச் சென்றபோது, அந்தச் சாவடியில் எங்கள் வண்டியை நிறுத்திய காவலர், "அண்ணாச்சி, பிளாஸ்டிக் ஏதும் வச்சிருக்கியளா?" என்று மிகுந்த மரியாதையோடு கேட்டுவிட்டு, அந்த மரியாதை சிறிதும் குறையாமலே பைகளையெல்லாம் கிளறி, பேரன் மடியில் மறைத்து வைத்திருந்த பிஸ்கட் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, பிஸ்கட்டை அவன் கையிலும் மேலுறையைத் தம் பக்கத்துக் கூடையிலுமாகப் பங்கிட்டார். ஏழு வயதுப் பையன்; இரண்டு கையிலும் பிஸ்கட்டை ஏந்திக்கொண்டு, தின்பதா அழுவதா என்று விளங்காமல் விழித்தான். "இந்தத் தண்ணியத்தாம் தூத்துக்குடி வரைக்கும் குடிக்காவ, தம்பி" என்று காவலர் சமாதானம் சொன்னார். வண்டி மலையேறத் தொடங்கிய பிறகு பேத்தி கேட்டாள்: "அப்போ கீழேயும் இதே மாதிரி செக் பண்ணுவாங்களா, தாத்தா?" அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. வளைவில் ஒரு கருமந்திக் கூட்டம் தென்பட்டு என்னைக் காப்பாற்றியது.

சேர்வலாற்றுக்கும் தாமிரபரணிக்கும் நடுவே கிடக்கிற முண்டந்துறை, 1962இல் புலிகளுக்கான சரணாலயமாகி, 1988இல் களக்காட்டுடன் சேர்ந்து, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாயிற்று. குழந்தைகள் புலியை எதிர்பார்த்தார்கள். புலியோ, விருந்தாளி வந்திருக்கிறார் என்பதற்காக வாசலுக்கு வந்து நிற்கும் பிராணியன்று. ஒரு மிளாவும், யானைச் சாணமும், மருதமரத்தின் உச்சியில் வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு கிடந்த மலையணில் ஒன்றும் கிடைத்தன. அணில் அவ்வளவு பெரிதாக இருக்கக்கூடுமென்று அறியாத பேரனுக்கு, அது புலியைக் காட்டிலும் பெரிய அதிசயமாகிவிட்டது. காரையாறு அணைக்கரையிலிருந்து பாணதீர்த்த அருவி தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. முன்பு படகேறி அதனடிக்கே போவோம். இப்போது அந்தப் படகு இல்லை.

திரும்பும் வழியில் சொரிமுத்து ஐயனார் கோயிலில் இறங்கினோம். இங்கே வந்தபின் என் பேனா சொன்னபடி கேட்கப்போவதில்லை என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

சரணாலயம் ஏற்பட்ட அதே 1962ஆம் வருஷத்து ஆடி அமாவாசைக்கு, விஷஜுரத்தில் பிழைத்தெழுந்த ஒன்பது வயதுப் பேரனான எனக்காக மணி கட்டுவதாக நேர்ந்துகொண்டிருந்த என் ஆச்சி, விக்கிரமசிங்கபுரத்திலிருந்து வண்டி பூட்டிக்கொண்டு, அரிசி, பருப்பு, உரல், அம்மி, ஆட்டுக்கிடா சகிதமாக எங்களை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தாள். கரையோரத்தில் ஓலையாலும் தழையாலும் குடில் கட்டி ஒரு வாரம் தங்குவது அக்காலத்து வழக்கம். எங்கள் குடில் கோயிலுக்கு அக்கரையில் அமைந்துவிட்டது. அமாவாசைக்கு முதல் நாள் இரவெல்லாம் மலைமேல் சாரல் பெய்து, காலையில் ஆறு இடுப்பளவுக்கு ஏறிச் சிவந்து ஓடிற்று. வெள்ளம் வடியட்டும் என்றார் மாமா. ஐயனாருக்குச் சொன்ன நாளைத் தள்ளிவைக்க ஆச்சி சம்மதிக்கவில்லை. கடைசியில் அந்த மலையின் பழங்குடியான காணிக்காரர் ஒருவர், யாரும் கேளாமலே வந்து, என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, ஆச்சி பற்றிக்கொள்வதற்குத் தம் கையிலிருந்த மூங்கிற்கழியின் மறுமுனையை நீட்டினார். எந்தப் பாறை வழுக்கும், எந்தப் பாறை தாங்கும் என்பது அவர் காலுக்குத் தெரிந்திருந்தது. நடு ஆற்றில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். நீரின் இரைச்சலுக்கு நடுவே ஆச்சி மடியில் முடிந்திருந்த வெண்கல மணி அவள் அடியெடுத்து வைக்குந்தோறும் துணிக்குள்ளிருந்து மங்கலாக ஒலித்தது மட்டும் இன்றும் என் காதில் இருக்கிறது. கோயில் கரையில் இறக்கிவிட்டதும் ஆச்சி நீட்டிய காசை வாங்காமல் அவர் திரும்பிப் போய்விட்டார். பெயர் கேட்க வேண்டுமென்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அன்று மாலை சிங்கம்பட்டி ஜமீன்தார் முருகதாஸ் தீர்த்தபதி தலைப்பாகையும் பட்டும் தரித்து ராஜ தரிசனம் கொடுத்தார். ஜமீன் ஒழிந்து பத்தாண்டு கழிந்திருந்தும், ஐயனார் சந்நிதியில் அந்த ஒரு நாள் மட்டும் ராஜாங்கம் மறுபடி உயிர்பெறும். 2020இல் அவர் காலமாகும்வரை அந்த வழக்கம் நீடித்தது. அதே கோயிலின் பட்டவராயன் சந்நிதியில் ஜோடி ஜோடியாகத் தொங்கிய தோற்செருப்புகளை, இரவில் சுவாமி போட்டுக்கொண்டு காட்டைச் சுற்றி வருவாரென்றும், மறுவருஷம் பார்த்தால் அடி தேய்ந்திருக்குமென்றும் ஆச்சி சொன்னாள்.

மணி கட்டிய மரத்தைக் குழந்தைகளுக்குக் காட்டினேன். கட்டிய மணிகளைப் பட்டை வளர்ந்து மூடிவிடுவதால் அதற்கு மணி விழுங்கி மரம் என்று பெயர். என்னுடையது எது என்று பேத்தி தேடினாள். அறுபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. மரத்துக்குள்ளே எங்கேயோ இருக்கிறது.

மரம் விழுங்கும் மணியால் காட்டுக்கு அபாயமில்லை. ஆடி அமாவாசைக்கு மோட்டாரில் லட்சக்கணக்கான ஜனங்கள் வந்து, ஒரு வாரச் சமையலின் எச்சிலையும் பாலிதீன் பைகளையும் கரையிலேயே விட்டுப் போன காலத்தை நானும் கண்டிருக்கிறேன். ஆகவே தங்கும் நாட்களைக் குறைத்ததையும், சாவடியில் பைகளைக் கிளறுவதையும் நான் குறை கூறவில்லை. இதைச் சாக்காக வைத்துத் திருவிழாவையே நிறுத்திவிடலாம் என்பவர்களோடுதான் எனக்கு விவகாரம். ஐயனாரைக் காட்டிலிருந்து பிரித்துவிட்டால், காட்டை நினைத்து அஞ்சவும் வணங்கவும் ஊரில் யாரும் மிஞ்சமாட்டார்கள்.

நிற்க. சாவடியைத் தாண்டிக் கீழே இறங்கினால், கண்ணெதிரே பாபநாசநாதர் கோயில் படித்துறை. உடுத்த துணியை இங்கே ஆற்றில் விட்டால் பாவமும் அதனோடு போய்விடும் என்று யாரோ சொல்லிவைக்க, வேட்டியும் சேலையும் டன் கணக்கில் பாறை இடுக்குகளில் மட்கிக் கிடக்கின்றன. அள்ள அள்ளக் குறைவதில்லை. பிறரைச் சொல்வானேன்? என் தகப்பனார் காலமான பதினாறாம் நாள், புரோகிதர் சொற்படி நானும் அங்கே ஒரு வேட்டியை விட்டேன். அது எந்தக் கசத்தில் கிடக்கிறதோ! மேலே ஒரு பிஸ்கட் உறைக்குக் கிடைத்த விசாரணை, கீழே முழு வேட்டிக்குக் கிடைக்கவில்லை.

அங்கிருந்து விக்கிரமசிங்கபுரம். அவ்வூரில் 1880களில் வெள்ளைக்காரர்கள் மலையிலிருந்து விழும் நீரின் விசையை நம்பி ஏற்படுத்திய நூற்பாலையின் சங்கொலிக்கு எழுந்து வளர்ந்தவன் நான். அம்பாசமுத்திரமும், அப்பளத்துக்குப் பேர்போன கல்லிடைக்குறிச்சியும், கன்னடியன் கால்வாயும், கார் என்றும் பிசானம் என்றும் இரு போகம் விளையும் வயல்களும், மணிமுத்தாறு, கடனா, பச்சையாறு என வந்து சேரும் உபநதிகளும் தனித்தனியே ஒரு கட்டுரைக்கு உரியவை. இங்கே கண்ணால் தொட்டுவிட்டுப் போகிறேன்.

திருநெல்வேலியில் வண்டியை நிறுத்தினோம். வெள்ளம் வந்தால் முழுகி எழுகிற குறுக்குத்துறை முருகன் கோயிலைக் காட்டலாம் என்று அழைத்துப் போனேன். குழந்தைகளோ கோயிலை விட்டுவிட்டு, நகரத்தின் சாக்கடை ஆற்றில் வந்து கலப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பேத்தி மூக்கைப் பொத்திக்கொண்டாள். காலையில் கேட்ட கேள்வியை மறுபடி கேட்கவில்லை. மணலை அள்ளி அள்ளி ஆற்றைப் பள்ளமாக்கியதும், 2010இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்குத் தடை விதிக்க நேர்ந்ததும் அவளுக்குச் சொல்லத்தக்க சமாசாரங்களாக எனக்குத் தோன்றவில்லை.

அப்பால் ஆதிச்சநல்லூர், 1876இல் ஜெர்மானியரான யாகோர் தோண்டிப் பார்த்த தாழிக்காடு. நதியின் கடைசி அணை ஸ்ரீவைகுண்டத்தில். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்ட, இந்த ஊர் ரயில் நிலையத்தில்தான் நூற்றுக்கணக்கான பிரயாணிகள் வெள்ளத்துக்கு நடுவே ரயிலோடு சிறைப்பட்டுக் கிடந்தார்கள். பாண்டியரின் முத்துத் துறைமுகமாயிருந்த கொற்கையை வாழை வயல்களுக்கு நடுவே கண்டோம். நதி கொண்டுவந்து போட்ட வண்டல், கடலைக் கிழக்கே தள்ளிவிட்டது.

புன்னைக்காயலில் பொழுது சாயும் நேரம். மீன்பிடி வள்ளங்கள் முகத்துவாரத்தில் வரிசையாய் ஆடிக்கொண்டிருந்தன. அலையாத்திச் செடிகளின் வேர்களில் ஏதோ கந்தல் சிக்கியிருந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் வாங்கிக் கொடுத்த இரண்டாவது பொட்டலத்தைத் தின்று முடித்த பேரன், வெற்றுறையைக் கையில் வைத்துக்கொண்டு கரையை இருபுறமும் பார்த்தான். "கூடை வச்சிருந்த மாமா எங்கே, தாத்தா?" என்றான். "இங்கே இல்லை, கண்ணு" என்றேன். அவன் சிறிது யோசித்து, அதை நான்காய் மடித்து என் சட்டைப் பைக்குள் திணித்தான். இரவு ஊர் திரும்பிச் சட்டையைக் கழற்றும்போது அது சரசரத்தது.