தண்ணீர் வருமுன் படகு

ஏப்ரல் 20, 2025, ஞாயிறு

படகு வந்துவிட்டது. பழையாறிலிருந்து மினி லாரியில் ராத்திரி முழுக்கப் பயணம். காலையில் ஆறேழு பேர் பிடித்து மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் இறக்கினோம். 18 அடி பைபர் படகு. கொள்ளிடம் கடலில் சேரும் இடத்தில் கிடந்தது, இப்போது அந்தக் கொள்ளிடம் பிரிகிற முக்கொம்புக்கும் மேலே ஏறி முசிறிக்கு வந்து நிற்கிறது.

2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாகக் கிடைத்த படகு என்றார் விற்றவர். அந்த ஒன்றிரண்டு வருடங்களில் நாகை, கடலூர்க் கரையோரம் படகுப் பட்டறைகள் முளைத்துக்கொண்டே இருந்தன. அவசரமாக வார்த்தவற்றில் நல்லதும் உண்டு, சுமாரும் உண்டு. இது எந்த வகை என்று பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்.

தெருவில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "ஆத்துல மணல்தானே கெடக்கு, இதை வெச்சு என்ன பண்ணப் போறீங்க?" சித்திரையில் காவிரியைப் பார்த்தால் அப்படித்தான் கேட்கத் தோன்றும். ஆனால் 2024 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து லட்சம் கன அடிக்கு மேல் வந்தபோது இதே ஆறு எதிரே குளித்தலைக் கரை வரை முட்டிக்கொண்டு ஓடியது. லட்சம் கன அடி என்றால் நொடிக்கு 28 லட்சம் லிட்டர். படுகை வாழைக்குள் மோட்டாரைக் கழற்றப் போனவர், ஆடு ஓட்டிவரப் போனவர் திட்டில் மாட்டிக்கொண்டு கரையைப் பார்த்துத் துண்டை வீசுவதை நான் சின்ன வயதிலிருந்து பார்த்து வருகிறேன். தீயணைப்புத் துறையின் ரப்பர் படகு எங்கெல்லாம்தான் போகும்? வெள்ளம் வந்தால் பவானியிலிருந்து கல்லணை வரை எல்லா ஊரும் ஒரே நாளில் கூப்பிடும்.

2018 ஆகஸ்டை நான் மறக்கவில்லை. கேரளத்து மீனவர்கள் தங்கள் வள்ளங்களையும் எஞ்சினையும் லாரியில் ஏற்றிக்கொண்டு செங்கன்னூர்ப் பக்கம் போய் ஆயிரக்கணக்கானவர்களைக் கரை சேர்த்தார்கள். அதே மாதம் 22ஆம் தேதி நம் பக்கத்திலேயே முக்கொம்பு மேலணையில் மதகுகள் உடைந்தன. அந்த மீனவர்களிடம் படகு தயாராக இருந்தது, எஞ்சின் ஓடும் நிலையில் இருந்தது, ஓட்டத் தெரிந்த ஆள் இருந்தார். ஆற்றங்கரை ஊர் ஒவ்வொன்றிலும் இந்த மூன்றும் இருக்க வேண்டும் என்று அன்றைக்கு மனதில் விழுந்தது.

ஏப்ரல் 27, ஞாயிறு

படகைக் கவிழ்த்துப்போட்டு சுத்தியலால் அடி அடியாகத் தட்டிக்கொண்டு வந்தோம். அணியத்திலும் விலாவிலும் 'டங்' என்றது. பின்பலகைக்கு வந்ததும் 'பொத்' என்றது. எஞ்சின் மாட்டுகிற பலகை அது. சின்னதாக ஒரு துளை போட்டதும் பழுப்புத் தண்ணீர் கசிந்தது.

பைபருக்கு நடுவில் பிளைவுட் வைத்துத்தான் பின்பலகை செய்வார்கள். போல்ட்டுக்குத் துளை போடும்போது துளையின் உள்சுவரை ரெசினால் அடைக்காவிட்டால் அந்த வழியே தண்ணீர் உள்ளே போய்விடும். வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே மரம் மக்கிக்கொண்டே வரும். உள்பக்கத்துத் தோலை வெட்டி எடுத்தோம். பிளைவுட் வாழைத்தண்டு போல நார்நாராகக் கையோடு வந்தது. 36 கிலோ எஞ்சினை இதில் மாட்டி வெள்ளத்தில் இறக்கியிருந்தால் எஞ்சின் ஆற்றுக்குள் போயிருக்கும், பின்னால் ஆளும் போயிருப்பார்.

மே 4, ஞாயிறு

இன்று அக்கினி நட்சத்திரம் ஆரம்பம். ரெசின் வேலைக்கு இதைவிட மோசமான காலம் கிடையாது. பழையாறுப் பட்டறைக்காரர் போனிலேயே சொல்லிவிட்டார்: "அண்ணே, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி முடிச்சிருங்க. பத்து மணிக்கு மேல டப்பாவுக்குள்ளயே கெட்டியாயிரும்." விடியற்காலை ஐந்து மணிக்கே ஆரம்பித்தோம்.

ரெசினில் முதலில் கோபால்ட்டைக் கலக்கி, நன்றாகக் கரைந்த பிறகுதான் கேட்டலிஸ்ட் ஊற்ற வேண்டும். இரண்டையும் நேராக ஒன்றோடொன்று சேர்த்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். கூடமாட வேலை செய்கிற பையன்களுக்கு இதை முதல் பாடமாகச் சொன்னேன். இரண்டு பாட்டிலையும் கொட்டகையின் இரண்டு மூலையில் வைக்கச் சொல்லிவிட்டேன்.

ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட், 18 மி.மீ. கனத்தில் இரண்டு. ஒன்றோடொன்று ஒட்டி, ஓரமெல்லாம் ரெசின் குடிக்கவிட்டு, உள்ளே பொருத்தி இறுக்கினோம். மேலே பைபர் மேட் விரித்து, ரெசின் தடவி, ரோலரால் காற்றுக் குமிழியை ஓரத்துக்குத் தள்ளித் தள்ளி வெளியேற்றினோம். ஒரு குமிழி நின்றால் அந்த இடம் பலவீனம். மச்சான் பொறுமைசாலி, அவர் கையில் ரோலர் போனபின் ஒரு குமிழிகூட மிஞ்சவில்லை.

மே 11, ஞாயிறு

உட்காரும் பெட்டிகளைத் திறந்தோம். உள்ளே நிரப்பியிருந்த ஃபோம் இருபது வருடத் தண்ணீரைக் குடித்துக் கிடந்தது. கையால் பிழிந்தால் வழிகிறது. மிதக்க வைக்க வேண்டிய பொருளே படகை அழுத்திக்கொண்டிருந்திருக்கிறது. பைபர் தானாக மிதக்காது. கவிழ்ந்து நீர் நிறைந்தால் இந்தப் பெட்டிகள்தான் படகைத் தாங்க வேண்டும்.

"தெர்மாகோல் வாங்கிப் போட்டுடலாமே மாமா" என்றான் தங்கை மகன். ஒரு துண்டைக் கிள்ளி ரெசின் கப்பில் போட்டுக் காட்டினேன். கண் எதிரே கரைந்து காணாமல் போனது. ரெசினில் உள்ள ஸ்டைரீன் தெர்மாகோலைத் தின்றுவிடும். கல்யாண மண்டபத்தில் சேர்ந்த ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்களைக் கழுவி, மூடியை இறுக்கி, நெருக்கமாக அடுக்கினோம். தண்ணீருக்குள் போனால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு கிலோ தூக்கிக் கொடுக்கும். ஒன்றிரண்டு உடைந்தாலும் மற்றவை இருக்கும். ஃபோமில் அந்த வசதி இல்லை.

மே 25, ஞாயிறு

எஞ்சின் இதற்கு முன் கடலில் ஓடியது. 15 குதிரைத்திறன், இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். ஐ.டி.ஐ.யில் இத்தனை வருடம் மோட்டார் மெக்கானிக் பாடம் எடுத்த எனக்கு எஞ்சின் புதிதல்ல, உப்பு புதிது. அலுமினியத்துக்குள் போல்ட் இறுகிக் கிடக்கிறது. சூடு காட்டி, எண்ணெய் விட்டு, கால் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று போனால்தான் உடையாமல் வருகிறது.

கியர் ஆயில் பாலாக வெளுத்திருந்தது. சீல் வழியே தண்ணீர் போயிருக்கிறது, சீலை மாற்றினேன். தண்ணீர் பம்பின் ரப்பர் இம்பெல்லரின் இதழ்கள் எல்லாம் ஒரே பக்கம் வளைந்து விறைத்திருந்தன. படகின் பின்னால் மாட்டும் இந்த அவுட்போர்டு எஞ்சினுக்கு ரேடியேட்டர் கிடையாது. ஓடுகிற ஆற்றுத் தண்ணீரையே உறிஞ்சித் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. காவிரியில் தண்ணீரோடு மணலும் ஏறும், மணல் இந்த ரப்பரை அரைத்துவிடும். அதனால் படகில் எப்போதும் இன்னொரு இம்பெல்லர் இருக்கும்.

பெட்ரோல் இன்னொரு கவலை. இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்தது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் டேங்கில் கிடந்தால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் பிரிந்து நிற்கும். தினமும் ஓடுகிற பைக்குக்கு இது பிரச்சினையில்லை. வருடத்தில் சில நாள் மட்டும் ஓடி, ஓடுகிற அன்று நின்றுவிடக்கூடாத எஞ்சினுக்கு இதுதான் பெரிய எதிரி. ஒவ்வொரு முறையும் பெட்ரோல் குழாயைக் கழற்றி, கார்பரேட்டர் வறண்டு தானாக நிற்கும்வரை ஓடவிட வேண்டும். ஆயில் கலக்காத மீதி பெட்ரோல் என் பைக்குக்கு. ஆயில் 50க்கு 1, அதாவது 5 லிட்டருக்கு 100 மில்லி.

சாயங்காலம் 200 லிட்டர் டிரம்மில் தண்ணீர் நிரப்பி எஞ்சினை அதில் இறக்கிக் கயிற்றை இழுத்தோம். புகை கக்கிவிட்டுப் பிடித்துக்கொண்டது. பக்கவாட்டுத் துளையிலிருந்து தண்ணீர் கம்பியாகப் பீய்ச்சியது. பம்பு வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. பையன்கள் கைதட்டினார்கள். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

ஜூன் 8, ஞாயிறு

லாங் டெயில் எஞ்சின் போட்டிருக்கலாம் என்று பழையாறுப் பட்டறைக்காரர் இன்னமும் சொல்கிறார். சோழமண்டலக் கரை முழுக்க அதுதான், நீளத் தண்டை மேலே தூக்கினால் மணல் திட்டைத் தாண்டிவிடலாம் என்கிறார். உண்மைதான். ஆனால் எனக்கு ரிவர்ஸ் கியர் வேண்டும். வாழைக்கும் மின்கம்பத்துக்கும் நடுவே புகுந்து வெளியே வரவேண்டும். ஆளைத் தூக்கும்போது பின்னால் ஒரு புரொப்பல்லர் நீட்டிக்கொண்டு சுற்றக்கூடாது.

நம்முடையது 15 அங்குலத் தண்டு உள்ள எஞ்சின். பின்பலகையோ 20 அங்குலத் தண்டுக்குச் செய்தது. அலைக்கடலுக்கு அந்த உயரம் வேண்டும், நமக்கு வேண்டாம். நடுவில் 15 அங்குலத்துக்கு வெட்டி இறக்கினோம். பின்னாலிருந்து தண்ணீர் ஏறினால் உள்ளே வராமலிருக்க வெட்டுக்கு முன்னால் குறுக்கே ஒரு தடுப்பு வார்த்தோம். புரொப்பல்லருக்கு மேலே படுக்கையாக ஒரு தகடு இருக்கிறது. அது படகின் அடிமட்டத்தோடு ஒரே கோட்டில் வரவேண்டும். மேலே போனால் காற்றை இழுத்து எஞ்சின் வீணாக அலறும், கீழே போனால் மணலைக் கிளறும். நேரான ஒரு கம்பியை அடியில் வைத்துப் பிடித்து, கிளாம்ப்பை ஏற்றி இறக்கி நேர்கோட்டுக்குக் கொண்டுவந்தோம். கிளாம்ப்பை மட்டும் நம்பாமல் இரண்டு ஸ்டெயின்லெஸ் போல்ட், ஒரு சங்கிலி. துளைகளின் உள்சுவரை ரெசினால் அடைத்துவிட்டுத்தான் போல்ட்டை ஏற்றினோம்.

ஜூன் 15, ஞாயிறு

12ஆம் தேதி மேட்டூர் திறந்தார்கள், இன்று கல்லணை திறந்தாயிற்று. நம் ஊரைத் தாண்டித்தான் தண்ணீர் போயிருக்கிறது. மணல்மேட்டை நனைத்துக்கொண்டு ஓடை ஆறாக விரிகிறது.

பரிசல் போட்ட பெரியவரைப் போய்ப் பார்த்தேன். எண்பதைத் தாண்டியவர். எஞ்சினைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "தம்பி, எதுத்து மல்லுக்கு நிக்காதீங்க. மூக்கை மேக்கால வெச்சு சாய்ச்சுப் புடிங்க, தண்ணியே ஒங்களக் கரைக்குக் கொண்டுபோயி விடும்" என்றார். பிறகு மணல் அள்ளின குழிகள் எங்கெங்கே என்று கையால் திசை காட்டிச் சொன்னார். அவர் காலத்து மடுக்கள் வேறு, இப்போதுள்ள பள்ளங்கள் வேறு, இரண்டும் அவருக்குத் தெரியும். சொல்லச் சொல்ல ஒரு தாளில் வரைந்துகொண்டேன். அடுத்து அவரைப் படகிலேயே உட்காரவைத்துக் கூட்டிப் போகவேண்டும்.

ஜூன் 29, ஞாயிறு

மேட்டூர் அணை இன்று 120 அடி, நிரம்பிவிட்டது. இனி வருவதெல்லாம் கீழேதான் வரும்.

காலையில் பரிசல்துறையில் இறக்கினோம். நான்கு பேர், எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட். எஞ்சினை நிறுத்தும் சிவப்புக் கயிறு ஓட்டுகிறவர் மணிக்கட்டில். கீழே விழுந்தால் கயிறு பிடுங்கும், எஞ்சின் நிற்கும். பெரியவர் சொன்னபடி மேற்கே மூக்கைச் சாய்த்துப் பிடித்தேன். படகு பக்கவாட்டில் நழுவிக்கொண்டே நேராகக் குளித்தலைக் கரைக்குப் போய்ச் சேர்ந்தது. திரும்பும்போது நடுவில் மணல் தட்டியது. எஞ்சின் தானாக மேலே எழும்பி, தாண்டியதும் இறங்கிக்கொண்டது. பின்பலகையைத் தொட்டுக்கொண்டே வந்தேன். அதிர்வு இருந்தது, அசைவு இல்லை.

ஆளைத் தூக்கும் பயிற்சியும் செய்தோம். நீந்தத் தெரிந்த பையன் ஒருவன் குதித்தான். அவனுக்குக் கீழ்ப்பக்கமிருந்து மெல்ல நெருங்கி, கிட்டே போனதும் எஞ்சினை அணைத்துவிட்டு அவனைத் தூக்கினோம். பக்கத்தில் போனதும் அணைத்துவிட வேண்டும், நியூட்ரல் போதாது. இதை எல்லோரையும் வாயால் சொல்லவைத்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

ஆற்றில் ஓட்டும் எஞ்சின் பொருத்திய கலத்தை 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும். அதற்கான தாள்களை இன்று அடுக்கினேன். ஓட்டுவதற்கு மூன்று பேராவது பழக வேண்டும், நான் ஊரில் இல்லாத நாளும் வரும். முசிறியிலேயே மத்திய நீர் ஆணையத்தின் நீரளவு நிலையம் இருப்பதால் மட்டம் ஏறுவது உடனே தெரியும். ஆனால் மேட்டூரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதாது. திருமுக்கூடலூரில் அமராவதி சேர்கிறது, அந்தப் பக்கம் மழை கொட்டினால் மேட்டூர் மூடியிருந்தாலும் நமக்குத் தண்ணீர் வரும்.

தொட்டியத்திலிருந்து இரண்டு விவசாயிகள் படகைப் பார்க்க வந்தார்கள். அவர்கள் ஊருக்கும் ஒன்று வேண்டுமாம். பழையாறுக்காரர் நம்பரைக் கொடுத்து, சுத்தியலையும் கையோடு எடுத்துப் போகச் சொன்னேன். வாங்குவதற்கு முன் பின்பலகையைத் தட்டிப் பார்க்க வேண்டும்.